காத்தெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுங்க

உக்காருங்க, உக்காருங்க. இந்தப் பைய நான் மடியில வெச்சுக்கறன். பூமாலைதானுங்க, ஈரத்துணியில சுத்தி வெச்சிருக்கறன், ஒண்ணும் கசங்காது. நீங்க வில்லங்கம் போட்டுப் பாக்க வந்தீங்களா? அந்தச் சன்னலுக்கு நேரமாகுமுங்க. கம்ப்யூட்டரு சுத்திக்கிட்டே இருக்குதாம். நாங்க பதிவுக் கல்யாணத்துக்கு வந்திருக்கறம். ஏனுங்க, பொண்ணு எங்கேன்னு சுத்திமுத்திப் பாக்கறீங்க? நாந்தானுங்க பொண்ணு!

சிரிங்க, சிரிங்க, நானும் காலையில இருந்து சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கறன். நாப்பத்தாறு வயசுல மொதத் தடவையா கண்ணுக்கு மை வெச்சிருக்கறனுங்க. ஒரு கண்ணுல கொஞ்சம் ஒழுகிருச்சு, தெரியுதுங்களா? தெரியாதுன்னு அவரு சொன்னாரு. அவருன்னா அதா, வெரல நக்கி நக்கி செராக்ஸ் தாள ஒவ்வொண்ணாப் பிரிச்சுக்கிட்டு நிக்கறாரே, நீலச் சட்டை. திருமூர்த்தி. நம்ம உடுமலையில டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறாரு. சம்சாரம் தவறிப் பல வருசமாச்சு. பக்கத்துல செவப்புச் சேலை அவரு தங்கச்சி. அந்த ஒசரமான ஆளு சாகுலு, மெக்கானிக்கு. சாட்சிக்கு மூணு பேரு வேணுமாமுங்க. அவரு பக்கம் ரெண்டு பேரு வந்தாச்சு. எம் பக்கம் எங்கண்ணன் வரோணும். நாச்சிமுத்துன்னு பேரு. எம் பேரக் கூப்படறதுக்குள்ள வந்துருவாரு. எம் பக்கமுன்னு வேற யாரு இருக்கறாங்க, அவருதான வரோணும்?

நீங்க மனசுக்குள்ள என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுதுங்க. இந்த வயசுல லவ்வான்னு நெனைக்கறீங்க. அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நான் காருக்காகத்தான் போனன். சத்தியமா காருக்காகத்தான் போனன். ஒரு லைட்டு எரிஞ்சுதுங்க. அவ்வளவுதான் கதை.

நான் நாத்துப் பண்ணை வெச்சிருக்கறன். தக்காளி, மொளகா, கத்திரி. எங்கண்ணன் ஊட்டுக்கு ஒட்டுன மாதிரியே எனக்கொரு ரூமும், பின்னால நெழல்வலைக் கூடாரமும். எனக்கு மூல நட்சத்திரமுங்க. மாமனாருக்கு ஆகாதுன்னு வர்ற சாதகமெல்லாம் வந்த வழியே திரும்பிப் போச்சு. அண்ணன் பாக்காத எடமில்ல. அப்பறம் பாக்கறத உட்டுட்டாரு, பாவம், அவரும் எத்தன படிதான் ஏறுவாரு. எங்க நங்கைக்கு, அண்ணன் பொண்டாட்டிக்கு, நான் இல்லீன்னா கையொடிஞ்ச மாதிரிங்க. பிள்ளைகள டியூசனுக்குக் கூட்டிப் போறது, மாவாட்டறது, ஒறம்பரை வந்தா சோறாக்கறது எல்லாத்துக்கும் நான்தான் வேணும் அவளுக்கு. என்ற மேல அத்தன பாசம்.

நாத்துத் தட்ட ஏத்தறதுக்குன்னு ஒரு பழைய கார் வாங்குனன். அண்ணனுக்கு இஷ்டமில்ல. பொம்பளைக்கு எதுக்குக் காருன்னாரு. ஆனா நங்கை, இருந்துட்டுப் போகுது, டியூசனுக்கு ஆகுமுல்லன்னு எனக்காகப் பேசுனா. நல்ல காருங்க. தவுட்டுக் கலரு. ஓட்டிக்கிட்டு வந்த வாரமே முன்னால ஒரு மஞ்ச லைட்டு மினுக்கு மினுக்குனு மினுக்குது. என்ன படமுன்னு உத்துப் பாத்தா, சட்டி மாதிரி ஒண்ணு, அதுக்குள்ள ஒரு ஆச்சரியக்குறி. எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னமோ கொதிக்குது போலன்னு வண்டிய நிறுத்தி மூடியத் தொறந்து ரெண்டு குடம் தண்ணி ஊத்தப் பாத்தனுங்க. நல்லவேளை, அந்த வழியா வந்த ஒரு வாத்தியாரு, அம்மிணி அது சட்டியில்ல டயரு, டயர்ல காத்து கம்மின்னு சொல்லுதுன்னாரு.

சரின்னு பெட்ரோல் பங்குக்குப் போனன். காத்து புடிக்கறவரு நாலையும் பாத்துட்டு, எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்கம்மான்னாரு. லைட்டு மினுக்குது. இன்னும் கொஞ்சம் புடிங்கன்னன். புடிச்சாரு. மினுக்குது. அடுத்த நாளும் போனன். இன்னுங் கொஞ்சமுன்னன். கடைசியில வண்டி முயலாட்டக் குதிக்குதுங்க! வேகத்தடை ஒண்ணு ஏறி எறங்குனன், பின்னால இருந்த தக்காளி நாத்து முச்சூடும் எந் தலையில. அப்பறம் காத்த எறக்குனம். மினுக்குது. நைட்ரஜன் அடிங்கன்னாங்க, அடிச்சம். அப்பவும் மினுக்குது. அந்தப் பங்குல என்னக் கண்டாலே, டேய் சட்டியம்மா வருதுடான்னு ஆளாளுக்கு ஒளிய ஆரம்பிச்சுட்டாங்க.

அண்ணன் சொன்னாரு, இது கண்ணேறுன்னு. ஒனக்குக் காரா, ஊரே வயித்தெரிச்சல் பட்டிருக்குமுன்னாரு. பூசணிக்கா சுத்தி ஒடச்சம். எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துனா சரியாயிருமுன்னு நாலு டயருக்கும் நாலு பழம் வெச்சம். வண்டிய எடுக்கப் போறன், நங்கை வந்து, அஞ்சாவது டயருக்கு வெக்கலையான்னு கேக்கறா. ஸ்டெப்னி! அதுவும் டயருதானுங்களே! அது எங்க உருளப்போவுது? இருந்தாலும் மனசு கேக்காம பின்னால டிக்கியத் தொறந்து, ஸ்டெப்னியத் தூக்கி, அடியில ஒரு பழத்த வெச்சு மூடிப்போட்டன். அப்பறம் மறந்துபோட்டன். வெய்யக் காலமுங்க. கொஞ்ச நாள்ல காருக்குள்ள ஒரு நாத்தம், ஏதோ செத்துக் கெடக்குதுன்னு சீட்டுக்கு அடியில எல்லாம் தொழாவறம். அண்ணன் மூக்கப் புடிச்சுக்கிட்டு, பாத்தியா, வண்டியில ஏதோ இருக்குது, இதத் தள்ளிவிட்ருன்னாரு. கண்டுபிடிச்சது நாந்தானுங்க. பழம் பச்சையா மயிர் மொளச்சுக் கெடந்துச்சு.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றன். ஒரு நாள் வெடியால மார்க்கெட்டுக்குப் போறன். முன்னால ஒரு டிரைவிங் ஸ்கூல் காரு, மாட்டு வண்டி வேகத்துல போவுது. முந்தவும் எடமில்ல. கெரகமேன்னு பின்னாலயே போறன். அப்பப் பாத்தா, லைட்டக் காணோமுங்க! அமிஞ்சு போச்சு! எத்தன வாரமா மினுக்குன லைட்டு! நான் ஓன்னு கத்திப்போட்டன். அந்தக் காரு ஓட்டிப் பழகற கெரவுண்டுப் பக்கம் திரும்புச்சு. நான் நேரா மார்க்கெட்டுக்குப் போறன். கொஞ்ச தூரந்தான், மறுபடியும் மினுக்க ஆரம்பிச்சிருச்சு.

இது என்ன கூத்துன்னு வண்டியத் திருப்பிட்டுப் போயி அந்தக் காருக்குப் பின்னால நின்னன். கொஞ்ச நேரத்துல அமிஞ்சுது. அது எட்டுப் போடுது கெரவுண்டுல. பின்னாலயே நானும் எட்டுப் போடறன். அது ரிவர்ஸ் எடுக்குது, நானும் ரிவர்ஸ். உள்ள ஓட்டிப் பழகற பொண்ணு பயந்து போயி வண்டிய நிறுத்திருச்சு. அவரு எறங்கி வந்தாரு. கையில ஒரு குச்சி வெச்சிருந்தாரு, அடிக்கறதுக்கில்லீங்க, கோடு போடறதுக்கு. என்னுங்கம்மா, லைசென்ஸ் எடுக்கோணுங்களான்னு கேட்டாரு.

லைசென்ஸ் இருக்குதுங்க, என்ற கார்ல ஒரு லைட்டுங்க, நாள் முச்சூடும் மினுக்குது, உங்களக் கண்டா அமிஞ்சு போகுதுன்னு சொன்னன்.

அந்தப் பொண்ணு ஸ்டியரிங்கு மேல தலைய வெச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குது. என்னத்துக்குச் சிரிச்சாளோ, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க. உள்ளதத்தான சொன்னன்! அவரு மட்டும் சிரிக்கல. எங்க, இன்னொருக்கா பாக்கலாமுங்களான்னாரு. அவரு வண்டிய எடுத்துக்கிட்டு அந்தக் கடைசிக்குப் போனாரு, மினுக்குச்சு. திரும்பி வந்தாரு, அமிஞ்சுது. போனாரு, மினுக்குச்சு. வந்தாரு, அமிஞ்சுது. ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாட்ட, அந்தப் பொண்ணு கட்டுன பீசையே மறந்து, வெய்யில் ஏர்ற வரைக்கும் இதே வேலையா இருந்தமுங்க.

அப்பறம் அவருதான் சாகுல்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. சாகுலு ரெண்டு வண்டியையும் சுத்திச் சுத்தி வந்து, கடைசியில அவரு காரு வீலத் தட்டிச் சிரிச்சாரு. விசயம் இதுதானுங்க. ரெண்டு பேரும் கார் வாங்குனது ஒரே புரோக்கர்கிட்ட. ரெண்டும் ஒரே கம்பெனி. எனக்கு விக்கறதுக்கு முன்னால அந்தாளு என்ற காருல இருந்த பளபளன்னு இருந்த வீலுங்களக் கழட்டி அவரு கார்ல போட்டுட்டு, சாதா இரும்பு வீல எனக்கு மாட்டிட்டான். அந்தப் பளபள வீலுக்குள்ள பொட்டாட்ட ஒண்ணு இருக்குதாம். காத்து எத்தன இருக்குதுன்னு அது காருக்குச் சேதி சொல்லிக்கிட்டே இருக்குமாம். என்ற காரு அந்தச் சேதிக்குக் காத்துக்கிட்டு இருக்குது. சேதி சொல்றவங்க அவரு கார்ல சுத்திக்கிட்டு இருக்கறாங்க. கிட்டக்க வந்தாக் கேக்குது, தூரமாப் போனா எங்கடா எம் வீலுன்னு மினுக்குது. காத்தெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுங்க. லைட்டுதான் பொய்.

அவரு மொகம் செத்துப் போச்சு. உங்க பொருள நான் மாட்டிக்கிட்டுச் சுத்தறன், எனக்குத் தெரியாதுங்க, இப்பவே கழட்டித் தர்றன்னு ஜாக்கிய எடுத்துட்டாரு. நான் சொன்னன், இன்னிக்குச் செவ்வாக்கெழமைங்க, இரும்பு கை மாத்தக்கூடாது. அவரும் ஆமாமுங்கன்னுட்டாரு. அப்பறம் வெள்ளிக்கெழமை, லச்சுமி போயிருமுல்லீங்க. அப்பறம் அமாவாசை. அப்பறம் எனக்குச் சந்திராஷ்டமம். அதுக்குள்ள ஆடி பொறந்துருச்சு, ஆடியில யாருங்க புதுசா ஒண்ண மாட்டுவாங்க? அவரும் நெம்ப சாத்திரம் பாக்கறவருங்க. நான் மறந்தாக்கூட அவரே காலண்டரப் பாத்து, நாளைக்குக் கரிநாளு, வேண்டாமுங்கம்பாரு. சாகுலுக்குத்தான் பொறுமை இல்ல. அக்கா, வீலக்கூடக் கழட்ட வேண்டாம், உங்க வண்டிக்குப் புதுசாப் பொட்டு வெச்சு மிசினுல ஒரு அமுக்கு அமுக்குனா லைட்டு போயிருமுன்னாரு. எலெட்ரிக் சாமானத்துல சும்மா சும்மா கை வெக்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டன். சாகுலு வானத்தப் பாத்துக்கிட்டுப் போனாரு.

அதுக்கப்பறம் மார்க்கெட்டுக்கு நான் கெரவுண்டு வழியாத்தான் போவன். கொஞ்சம் சுத்துத்தான், ஆனா ரோடு நல்லாருக்குமுங்க. பள்ளமா? பள்ளம் இருக்குதுங்க, எந்த ரோட்டுல இல்ல? நாத்து மிச்சம் இருந்தா வீணாப் போயிருமேன்னு அவரு ஆபீசுக்குக் கொண்டு போயி வெப்பன். தக்காளி வெச்சன், கத்திரி வெச்சன், மொளகாயும் வெச்சன். எட்டுப் போடற எடத்தச் சுத்தி பாத்தி கட்டி அவரே தண்ணி ஊத்துவாரு. ஓட்டிப் பழக வர்றவங்க வண்டிய ஏத்திப்போடுவாங்கன்னு நடு மண்டையில வெய்யில் அடிக்க அங்கயே நிப்பாரு. பாடம் எடுக்கறதுல அத்தன அக்கறைங்க அவருக்கு.

இப்படிப் போயிட்டிருந்துச்சா. ஆவணியில ஒரு நாள். நான் பின்னால போறன், அவரு முன்னால பைபாஸ் ரோட்டுல போறாரு. அன்னிக்கு ஒருத்தருக்குப் பெரிய ரோட்டுல ஓட்டிப் பழக்கோணுமுன்னு பழனி வரைக்கும் போறதா இருந்துச்சு. எனக்கும் அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துல வேலை இருந்துச்சு. என்ன வேலைன்னு இப்ப ஞாபகம் இல்லீங்க. லைட்டு அமிஞ்சு கெடக்குது. திடீருன்னு கீங் கீங்குன்னு ஒரே சத்தம். லைட்டு எரியுது. மினுக்கலீங்க, நின்னு எரியுது! சாகுலு சொல்லியிருந்தாரு, மினுக்குனா வீலக் காணோமுன்னு அர்த்தம், நின்னு எரிஞ்சா நெசமாவே காத்து போகுதுன்னு அர்த்தமுன்னு. காத்து போகுது. யாரு வீல்ல? என்ற வீல்ல இல்ல, அவரு வீல்ல!

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பெரிய ரோடு, பழகற ஆளு ஓட்டறாரு, அக்கம்பக்கம் லாரி. ஆரன் அடிக்கறன், கேக்கல. லைட்டப் போட்டுப் போட்டுக் காட்டறன், எப்பவும் பின்னால வர்றவதானன்னு கைய வேற ஆட்டறாரு! வாழ்க்கையில நாப்பதுக்கு மேல போகாதவ, அன்னிக்கு அழுத்துனன் பாருங்க, டயரு தேயத் தேய முந்திப் போயி முன்னால குறுக்க நிறுத்திப்போட்டன். எறங்கி ஓடறன். செருப்பு ஒண்ணு ரோட்டுல கெடக்குது. நிறுத்துங்க, உங்க காத்து போகுதுங்க, உங்க காத்து போகுதுன்னு கத்திக்கிட்டே ஓடறன். அவரு எறங்கிப் பாத்தாரு. பின்னால டயர்ல ஒரு ஆணி. பாதி காத்து போயிருந்துச்சு. இன்னும் கொஞ்ச தூரம் அந்த வேகத்துல போயிருந்தா என்ன ஆயிருக்குமோ!

நான் ரோட்டோரத்துலயே உக்காந்துட்டன். அழுகாச்சியா வந்துச்சு. அவரு போயி என்ற செருப்ப எடுத்துட்டு வந்து கால்கிட்ட வெச்சுட்டுச் சொன்னாரு.

"ஏனுங்க கோகிலாமணி, என்ற வண்டியில காத்து எறங்குனா உங்க வண்டியில லைட்டு எரியுது. இதுக்கு மேல எந்தச் சோசியனுங்க வந்து நமக்குச் சாதகம் பாக்கோணும்?"

நான் என்ன சொன்னங்கறீங்க? ஸ்டெப்னியில காத்து இருக்குதுங்களான்னு கேட்டன்! சிரிக்காதீங்க. வேற என்ன பேசறதுன்னு யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க? அவரு இருக்குதுங்கன்னாரு. சரி மாட்டுங்கன்னன். மாட்டி முடிச்சு எந்திரிச்சு மறுபடியும் எம் மொகத்தப் பாத்தாரு. அப்பத்தான் சரீங்கன்னு சொன்னன். அன்னிக்குச் சாயங்காலம் நாத்துக்குத் தண்ணி அடிக்கறன்னு ஓஸ் பைப்பப் புடிச்சுக்கிட்டு, என்ற மேலயே அடிச்சுக்கிட்டு நின்னிருக்கறன், தெரியவே இல்ல. சந்தோசமுங்க. நெம்ப சந்தோசம். மறைக்கறதுக்கு என்ன இருக்குது?

வீலுங்களா? அது அவரு கார்லயேதானுங்க இருக்குது. இனி ரெண்டு வண்டியும் ஒரே வாசல்ல நிக்கப்போவுது.

அண்ணன்கிட்டச் சொன்னனுங்க. சாப்புட்டுக்கிட்டு இருந்தவரு கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நங்கை ஓன்னு அழுதா. பிள்ளைகளுக்கு இனி யாரு இருக்கறான்னு அழுதா. அத்தன பாசமுன்னு சொன்னனுல்ல. அண்ணன் நாலு நாள் எங்கூடப் பேசல. நானா போயி வாசல்ல நின்னு, அண்ணா, எம் பக்கமுன்னு நின்னு ஒரு கையெழுத்துப் போடோணும், நீ வந்தாப் போதும், வேற எதுவும் வேண்டாமுன்னன். தண்ணி மோட்டாரப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காமயே, வர்றேம் போன்னாரு. எனக்கு அது போதுமுங்க. எல்லாரும் சொல்றாங்க, அவரு மாட்டாரு மாட்டாருன்னு. அவங்களுக்கு என்ன தெரியும்? சைக்கிள்ல முன்னால உக்கார வெச்சு என்னப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனவருங்க.

இருங்க, போன் அடிக்குது. அண்ணன்தான்! பாத்தீங்களா, நான் சொல்லல?

அண்ணா... சொல்லுண்ணா... எங்க வந்துட்ட? ... அப்படியா? ... ஆணியா, கண்ணாடியா? ... சரிண்ணா... இல்லண்ணா, அதெல்லாம் நெனைக்க மாட்டன்... நீ மெதுவாப் பாரு... ஸ்டெப்னி இருக்குதுல்ல? ... சரிண்ணா. வெச்சர்றன்.

டயரு பஞ்சராமுங்க. வழியில நிக்கறாராம். பாவம், போன மாசம் வாங்குன புதுக் காரு. டயரெல்லாம் கம்பெனி டயரு. ஆணி ஏறுனா என்ன பண்றது, யாரு காருக்கு வேணுமுன்னாலும் ஏறும். ஸ்டெப்னியிலயும் காத்து இல்லையாம். ரோட்டோரத்துல யாரோ தண்ணி பாய்ச்சறாங்க போலிருக்குது. எங்க ஊட்டு மோட்டாராட்டவே சத்தம் கேட்டுச்சு.

இல்லீங்க, அழுகல. மைதான். மொதல்லயே ஒழுகியிருந்துச்சுன்னு சொன்னனுல்லங்க.

அதா கூப்படறாங்க. கோகிலாமணி, திருமூர்த்தி. வர்றமுங்க சார், ஒரே நிமிசம்! அங்க பாருங்க, அவரு என்னயே பாக்கறாரு, அண்ணன் எங்கேன்னு கேக்கக்கூட மாட்டேங்கறாரு. ஏனுங்க, உங்க கையில ஆதார் அட்டை இருக்குதுங்களா? வில்லங்கத்துக்கு வந்திருந்தாக் கண்டிப்பாக் கொண்டாந்திருப்பீங்க. உங்க சன்னலுக்கு இன்னும் நேரமிருக்குது. ஒரு கையெழுத்துத்தானுங்க. எம் பக்கமுன்னு ஒருத்தர் வந்து நிக்கோணும், அவ்வளவுதான். இந்த மாலையக் கொஞ்சம் புடிங்க. நீங்க எனக்கு என்ன உறவுன்னு உள்ள கேப்பாங்க. எங்கக்கான்னு சொல்லிப்போடறன். சொல்லட்டுங்களா?